பெற்றோலா டீசலா என்று கேட்ட மகனுக்கு

ஆலங்குடா,
12.08.1999

அன்புள்ள மகன் எமிலியானுக்கு அம்மா எழுதுவது. தலவில அன்னம்மாளின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எங்கள் பழைய நோய்களோடு சுகமாக இருக்கிறோம், புது நோய் ஒன்றும் இல்லை. நீயும் மருமகளும் பேத்தி ஷெறினும் இந்தக் கடிதம் வந்து சேரும்போது தரையில் நிற்கிற ஒரு வீட்டில் சுகமாக இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன்.

உன் கடிதம் போன கிழமை வந்தது. கையில் வாங்கும்போதே பாரமாக இருந்தது, பேத்தியின் படம் வைத்திருக்கிறாய் என்று நினைத்து மீன் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உறையைக் கிழித்தேன். படம் இரண்டு இருந்தது உண்மைதான், இரண்டும் வான். ஒன்று பெற்றோலில் ஓடுவதாம் மற்றது டீசலில் ஓடுவதாம், எனக்கு இரண்டும் பாண் விற்க வருகிற பெட்டி வண்டியைப் பெரிதாக்கின மாதிரித்தான் தெரிந்தது. உள்ளே கட்டில் இருக்கிறதாம், காஸ் அடுப்பு இருக்கிறதாம், பிரிஜ் இருக்கிறதாம், கக்கூசும் இருக்கிறதாம், சமைக்கிற இடத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் இருக்குமோ என்னவோ, அதை மட்டும் நீ அளந்து எழுதவில்லை. பெற்றோல் என்றால் வாங்கும்போது விலை குறைவு, இஞ்சின் முன்னுக்கு இருப்பதால் காலடியில் இரைச்சல், ஏற்றத்தில் இளைக்கும். டீசல் என்றால் இஞ்சின் பின்னுக்கு, பாரம் இழுக்கும், நெடுங்காலம் உழைக்கும், ஆனால் உங்கள் ஊர்க் குளிரில் காலையில் எழும்ப மறுக்கும். இதையே திருப்பித் திருப்பி நான்கு தாளில் எழுதி, அப்பா இஞ்சினோடு சீவித்த மனிதர் என்பதால் அவரிடம் கேட்டு நல்ல முடிவாக எழுதும்படி என்னிடம் சொல்லியிருக்கிறாய். அந்த நான்கு தாளில் ஷெறினுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது. அல்பொன்சாவுக்கு அரை வரி, அவவும் சுகம் என்று. பெண்சாதியைவிட டீசல் இஞ்சினின் சுகத்தை விபரமாக விசாரித்திருக்கிறாய் மகன், அந்த இஞ்சின் கொடுத்துவைத்தது.

அவ சுகமில்லை என்று எனக்குத் தெரியும். நூஹு நானா லொறி ஓட்டுவதோடு இப்போது எத்தாளையில் ஒரு கடையும் போட்டு டெலிபோனும் எடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து உலை வைக்கிறேன், வாசலில் அவருடைய லொறி வந்து நிற்கிறது, கனடாவிலிருந்து மருமகள் எடுத்தாளாம், திரும்பவும் எடுப்பாளாம், ஏறு ஏறு என்கிறார். சோற்றை இறக்கிவைத்துவிட்டு ஏறிப் போனேன். அந்தப் பிள்ளை முதலில் அழுதாள், பிறகு பேசினாள், பிறகு திரும்பவும் அழுதாள். கதவு செய்கிற பக்டரியில் உன்னை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள் என்பதை நீ எனக்கு எழுதவில்லை, அவள் சொல்லித்தான் தெரியும். செப்டெம்பர் முடிய இருக்கிற வீட்டை விட்டுவிட்டு, அந்த வானை வாங்கி, அதற்குள்ளேயே குடியிருந்துகொண்டு, வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே ஓட்டிக்கொண்டு போகப் போகிறாயாம், ஒரு மாதம் அப்பிள் தோட்டத்தில், ஒரு மாதம் மீன் பக்டரியில். பிள்ளைக்கு வானுக்குள்ளேயே படிப்பிக்கலாம் என்கிறாயாம். அல்பொன்சா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், மாமி, அவர் அதை வாங்கினா வாங்கட்டும், நான் ஏறமாட்டன், பிள்ளையக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்ட போயிடுவன் என்றாள். ஷெறினுக்கு இந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் தொடங்குகிறதாம். வாங்கிக் கொடுத்த புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்கிறாளாம். ஆகவே மகன், நீ பெற்றோலா டீசலா என்று எழுதிக் கேட்டது உன் குடும்பம் ஒன்றாக இருக்குமா இரண்டாகுமா என்பதைத்தான். அதை அப்படியே எழுத உனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் நீ கேட்டாய் என்பதற்காக அப்பா தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனார். அன்று முதல் ஆலங்குடாக் கரையில் யுத்தத்தைப் பற்றியும் பேச்சில்லை, கடலுக்குப் போக நேவி பாஸ் கொடுக்காததைப் பற்றியும் பேச்சில்லை, எல்லாம் உன் வான்தான். பக்கத்துப் படகு இன்னாசித்தம்பி பெற்றோல் கட்சி. பெற்றோல் எண்டா கயிறை ஒருக்கா இழுத்தா சீறிக்கொண்டு வரும், டீசலை எழுப்பிறதெண்டா குடிச்சிப்போட்டுக் கிடக்கிறவன எழுப்பிற மாதிரிக் கெஞ்சவேணும் என்று சொன்னார். உன் வானை எழுப்பக் கயிறு இழுப்பதில்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நூஹு நானா டீசல் கட்சி. அல்லாட காவல், டீசல் வண்டியெண்டா ஏத்தத்துல இளைக்காது, நம்மட லொறியப் பாருங்க என்றார். அவருடைய லொறியை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், காலையில் நான்கு பேர் தள்ளாமல் அது ஒரு நாளும் கிளம்பியதில்லை. அப்பா இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, பெரிய நீதவான் மாதிரிக் கண்ணை மூடி யோசித்து, டீசல்தான் என்று தீர்ப்புச் சொன்னார். இன்னாசித்தம்பி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. கல்பிட்டிக்குப் போன இடத்தில் மீன் முதலாளி ஒருவர்கூட என்னை நிறுத்தி, உங்கட மகன் டீசலுக்கே போனாராமே என்று கேட்டார். இத்தனை பேர் கூடி இத்தனை நாள் பேசினார்கள், அதற்குள் சமைப்பது யார், பிள்ளையைக் குளிப்பாட்டுவது எங்கே, அவள் ஏறச் சம்மதித்தாளா என்று ஒரு ஆண்பிள்ளை கேட்கவில்லை. வானுக்கு எண்ணெய் வேண்டும் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுக்கு அதுவும் சரியாகத் தெரியாது என்று கேள். தலவிலத் திருநாளுக்கு இன்னாசித்தம்பியின் மருமகன் சிலாபத்திலிருந்து ஒரு பெற்றோல் வானில் வந்திருந்தார். அப்பாவின் கண்ணாடி உடைந்து மாதக்கணக்கு, திருநாள் முடிந்த மறுநாள் புத்தளத்துக்கு அதில் போகலாம், பெற்றோல் வானின் சுகம் எனக்கும் தெரியட்டும் என்று இன்னாசித்தம்பியே முன்னின்று கூப்பிட்டார். வானில் பெற்றோல் குறைவாக இருந்தது. மருமகன் நித்திரை, அவரை எழுப்பாமல் இவர் தன் படகுக்கு வைத்திருந்த பெற்றோல் கலனை எடுத்து ஊற்றினார். உனக்குத் தெரியும், படகு இஞ்சினுக்கு எண்ணெய் கலக்காமல் ஊற்றினால் இறுகிச் செத்துப்போகும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். கலனில் ஏற்கெனவே எண்ணெய் கலந்திருந்தது. அது போதாது, வான் படகைவிடப் பெரிய இஞ்சின் என்று இன்னும் இரண்டு சுண்டு எண்ணெயை அன்போடு ஊற்றினார். பக்கத்தில் நின்று பார்த்து ஓம் ஓம், அது நல்லது என்று தலையாட்டியவர் யார் என்றால் நீ யோசனை கேட்ட அதே இஞ்சின் மேதைதான். எத்தாளை தாண்டும்போதே பின்னால் வெள்ளைப் புகை. பாலாவிக்கு வரும்போது பின்னால் றோட்டே தெரியவில்லை. சென்றியில் நின்ற ஆமிக்காரர் கத்திக்கொண்டு மண் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள், எங்களை இறங்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, பிறகு றோட்டில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். இந்த வயதில் தாரில் படுத்தேன் மகன், உன் கடிதத்தின் புண்ணியம். அப்பாவுக்கு இருந்த சிங்களமெல்லாம் பயத்தில் மறந்துபோனது. நான்தான் படுத்த கிடையில் முகத்தைத் திருப்பி, குண்டு இல்லை மாத்தயா, இந்த இரண்டு மடையர்களும் வானைப் படகென்று நினைத்து எண்ணெய் கலந்துவிட்டார்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். ஒருவன் இருமி இருமிச் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை, அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், வானில் உள்ளதெல்லாவற்றையும் இறக்கு என்றான். சீற்றைக் கழற்றினோம், ஸ்பெயார் சில்லை இறக்கினோம், நான் கொண்டுபோன சோற்றுப் பொதியையும் குச்சியால் கிளறிப் பார்த்தான். அந்தச் சின்ன வானைக் கொட்டி அள்ளவே மத்தியானமாகிவிட்டது. கட்டிலும் அடுப்பும் கக்கூசும் உள்ள உன் வான் பாலாவியில் பிடிபட்டால் டிசம்பரில் நத்தாருக்குத்தான் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கண்ணாடி இன்னும் இல்லை.

சரி, பகிடி போதும். சில்லுப் பூட்டின வீட்டைப் பற்றி என்னிடமே நீ கேட்டிருக்கலாம், அதில் நான் தேர்ந்தவள். வருசா வருசம் சித்திரை முடிய இந்தப் பக்கத்துக் கடல் பொங்கினால் வீட்டை மூட்டையாகக் கட்டி லொறியில் ஏற்றி முல்லைத்தீவுக் கரைக்குப் போய் ஓலைக் குடிசை கட்டி வாடி போடுவோம், புரட்டாசியில் திரும்புவோம், நீ நடக்கத் தொடங்கினதே அந்த வாடியில்தான். உனக்கு அது லொறி மேலே காற்று வாங்கிக்கொண்டு போன விளையாட்டாக ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். லொறியில் முதலில் ஏறுவது அப்பாவின் படகு இஞ்சின். எங்கள் வீட்டில் ஒரே ஒரு மெத்தை இருந்தது, அதை இஞ்சினுக்கு விரித்து, அடிபடாமல் சுற்றிக் கட்டி, நடுவில் படுக்க வைப்பார்கள். பிறகு வலை, பிறகு சட்டி பானை, பிறகு கோழிக் கூடு, எல்லாவற்றுக்கும் மேலே நானும் நீயும் தங்கச்சியும். இஞ்சினுக்கு மெத்தை, எனக்கு வலை மூட்டை. அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் பெண்பிள்ளைகள் ஒதுங்க வேண்டும் என்றால் லொறி நிற்காது, இஞ்சின் கயிறு தளர்ந்துவிட்டது என்றால் உடனே நிற்கும். போய் இறங்கினால் ஆண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு சுருட்டுப் பற்றுவார்கள், நாங்கள் மூன்று கல்லுத் தேடி அடுப்பு வைத்து, தண்ணீர் எங்கே என்று விசாரித்து, பாம்பு இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கிடத்துவோம். வீடு நகரும்போது அதோடு நகருகிற சுமை யாருடையது என்று அப்போது பார்த்துவைத்தவள் நான். உன் படத்தில் அந்த வானுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் மடக்குக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பெண்சாதி படத்தில் இல்லை. உள்ளே நிற்பாள்.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருசம் நான் ஏறவில்லை. இதை நான் உனக்கு விபரமாகச் சொன்னதில்லை, அப்பா இருக்கும் வீட்டில் அது பேசுகிற கதை இல்லை. லொறி வாசலில் வந்து நின்றது, இஞ்சின் மெத்தையில் படுத்துவிட்டது, அப்பா கூப்பிட்டார், நான் ஏறமாட்டேன் என்றேன். எனக்கு ஒரு சம்மனசும் வந்து சொல்லவில்லை. கலவரம் வந்தது, பயம் எல்லாருக்கும் இருந்தது, ஆனால் நான் ஏறாதது அதற்காகவும் இல்லை. இடுப்பு நொந்துபோயிருந்தது, நீ அரை வருசம் பள்ளிக்கூடமும் அரை வருசம் கருவாட்டுப் பந்தலுமாக அதே வகுப்பில் இரண்டாம் தரம் இருந்தாய், எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அப்பா ஏசினார். இஞ்சினே மறுப்புச் சொல்லாமல் ஏறிவிட்டது, உனக்கு என்ன என்று சனம் பார்க்கக் கேட்டார். பக்கத்து வாடி போடுகிற பாக்கியம்மா லொறி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கிணற்றடியில் அவள் என்னிடம், எனக்கும் போக மனசில்ல அக்கா, அவரிட்ட எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்ல என்று சொன்னவள். சொல்லத் தெரியாமல் இரண்டு பிள்ளைகளோடு ஏறிப் போனாள். ஆவணியில் ஒரு விடியப்புறம் ஆண்கள் கடலில் நிற்கும்போது வாடிகளுக்கு நெருப்பு வைத்தார்கள். யார் வைத்தது என்று ஆளுக்கொரு கதை, நான் எழுதவில்லை, கடிதம் உடைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பாக்கியம்மாவும் பிள்ளைகளும் வெளியே வரவில்லை. அப்பா கட்டின சாரத்தோடு யாரோ ஒருவருடைய லொறியில் வந்து இறங்கினார். இஞ்சின் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதினைந்து வருசமாகிறது, நான் ஏறாமல் நின்றதைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொன்னதில்லை. நான் அன்றைக்கு ஏறியிருந்தால் இன்றைக்குப் பெற்றோலா டீசலா என்று கேட்க நீ இருந்திருக்கமாட்டாய் எமிலியான்.

உங்கள் நாட்டில் வானுக்கு யாரும் நெருப்பு வைக்கமாட்டார்கள், அது எனக்கும் தெரியும், அம்மா பயமுறுத்துகிறா என்று எழுதாதே. நான் சொல்வது வேறு. அல்பொன்சா ஏன் மாட்டேன் என்கிறாள் என்பதற்கு அவளிடம் ஒழுங்கான காரணம் இல்லை என்று நீ அவளோடு வாதாடுகிறாயாம். என்னிடமும் அன்றைக்கு ஒழுங்கான காரணம் இருக்கவில்லை. பாக்கியம்மாவிடம் காரணமும் இருந்தது, மனமும் இருந்தது, வாய்தான் வரவில்லை. உன் பெண்சாதிக்கு வாய் வந்திருக்கிறது, அதற்காகச் சந்தோசப்படு. வேலை போன வெட்கத்தில் உனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, ஓடிக்கொண்டே இருந்தால் வேலை இல்லாதவன் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறாய், நான் பெற்ற பிள்ளை எனக்குத் தெரியாதா. எனக்கும் நோகிறது. வேலை போவது வெட்கமில்லை மகன், இந்தக் கரையில் பாஸ் இல்லாமல் மாதக்கணக்காகச் சும்மா இருக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் வெட்கப்படுவதென்றால் றோட்டில் ஒருவரும் நடக்க முடியாது. அவர்கள் வெட்கப்படாமல் உன் வானைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிகிறார்கள், பார்த்தாய்தானே. நீ இருக்கிற இடத்தில் இருந்து வேலை தேடு. கதவு செய்யத் தெரிந்தவனுக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் போகாது. ஊர் சுற்ற ஆசை என்றால் பிள்ளையின் பள்ளிக்கூடம் விடுகிற நாளில் ஒரு வானை வாடகைக்கு எடு, பெற்றோலோ டீசலோ, மருமகள் சம்மதித்தால், அன்றைக்கு அடுப்பை நீ மூட்டு, அவள் மடக்குக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அப்படி ஒரு படம் எடுத்து அனுப்பினால் நான் அதைச் சட்டம் போட்டு அன்னம்மாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன்.

அல்பொன்சாவிடம் டெலிபோனில் சொல்லிவிட்டேன், உன் பக்கம்தான் பிள்ளை நான், அவன் கத்தினால் மாமி சொன்னா என்று சொல் என்று. ஆகவே அவளோடு சண்டை பிடிக்காமல் என்னோடு பிடி, கடிதத்தில் பிடித்தால் இரண்டு கிழமை ஆறும். ஷெறின் பள்ளிக்கூடம் போகிற முதல் நாள் நீ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ, பைக்குள் தின்ன ஏதும் வைத்துவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள், சின்ன வயதிலும் உனக்குக் காதில்தான் முதலில் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, வேலை இல்லாதவனுக்கு அதற்கும் நேரமில்லை என்று சொல்ல முடியாது. உங்கள் மூன்று பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து ஆண்டவரும் மாதாவும் காக்க வேண்டும், உனக்கு நெற்றியில் ஒரு சிலுவை, மருமகளுக்கு ஒன்று, பேத்திக்குக் கன்னத்தில் ஒரு முத்தம்.

ஒட்டுமுன்னே இவ்வளவையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கண்ணாடி இல்லாதவருக்கு வேறு வழியில்லை. பாலாவிக் கதையில் சிரித்தார். மெத்தைக் கதையில் முகத்தைத் திருப்பினார். பாக்கியம்மாவின் பெயர் வந்ததும் எழும்பிப் போய்விட்டார், நான் மிச்சத்தை முற்றத்தில் நின்ற அவருடைய முதுகுக்கு வாசித்தேன். கடைசியில் டீசல் என்று எழுதட்டோ என்று கேட்டேன். பிறகு திரும்பாமலே, அத எழுதாத, அந்தப் பிள்ள ஏறமாட்டன் எண்டா ஏறவேண்டாம், அப்பா சொன்னதெண்டு எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா,
பஸ்தியான் ஜூலியானா